ஒன்பதாயிரம் வரிகளுக்கு ஓர் உரை

ஜெராக்ஸ் எந்திரம் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றவர் யார் என்று, அந்த இரவைப் பற்றி எழுதிய கணினியாளர் பீட்டர் ரெய்ன்ட்ஜஸ் பெயர் சொல்லவில்லை. அந்த ஆளின் கையில் இருந்தது பிரதிக்குப் பிரதி எடுத்து, அதற்கும் பிரதி எடுத்து வந்த ஒரு கட்டு. பார்த்தால் ஐந்தாம் தலைமுறை போலிருந்ததாம். விடிவதற்குள் ஆறாம் தலைமுறை தயார். இதைப் படியெடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே வழக்கறிஞர் மொழியில் அச்சிட்டிருந்தது. அந்த எச்சரிக்கையும் மற்றப் பக்கங்களோடு சேர்ந்து எந்திரத்துக்குள் போய் வந்தது.

தாங்கள் சட்டத்தை மீறியதும், கணினிப் படிப்பில் தங்கள் வாழ்நாளின் பெரிய அடியை எடுத்து வைத்ததும் ஒரே நேரத்தில்தான் என்று ரெய்ன்ட்ஜஸ் பின்னாளில் எழுதினார். தங்கள் கைக்கு வந்தது ஒரு மென்பொருளுக்கு எழுதப்பட்ட இலக்கிய விமர்சனம் போன்றது என்பது அவர் கருத்து. விமர்சனத்தைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது: உரை.

கணினித் துறையில் மிக அதிகமாக ஜெராக்ஸ் எடுக்கப்பட்ட நூல் என்று பேர் வாங்கிய அது, இரண்டு ஒல்லிப் புத்தகங்கள். ஒன்றில் மூலம்: யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு, அதன் கருப்பகுதியான கெர்னலின் நிரல் வரிகள். இன்னொன்றில் உரை. ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, மற்றதற்கு ஆரஞ்சு. உரை எழுதியவர் ஜான் லயன்ஸ், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி ஆசிரியர். யூனிக்ஸ் பிறந்ததோ அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தில். லயன்ஸுக்கும் அதன் பிறப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உரையாசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தானே, மூலத்துக்குக் காலத்தாலோ இடத்தாலோ வெகுதொலைவில் இருந்தவர்கள்.

லயன்ஸ் 1937இல் பிறந்தவர். சிட்னியில் பட்டம், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், பிறகு கனடா, லாஸ் ஏஞ்சலஸ் என்று வேலை பார்த்துவிட்டு 1972இல் ஊர் திரும்பினார். 1974 ஜூலையில் அமெரிக்கக் கணினியாளர் சங்கத்தின் இதழில் டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் தாங்கள் உருவாக்கிய யூனிக்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சிட்னியில் அதைப் படித்தவர்களுக்கு ஆசை வந்தது. பல்கலைக்கழகத்தில் பிடிபி-11/40 என்ற கணினி இருந்தது. யூனிக்ஸ் ஓடும் வகையறா எந்திரம். கடிதம் போனது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே உரிமம் கிடைத்துவிட்டது. காந்த நாடாவில் வந்து சேர்ந்தது முழு இயங்குதளம், மூலநிரலோடு.

இவ்வளவு எளிதாக ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு சட்டக் கதை உண்டு. பெல் ஆய்வகம் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. அமெரிக்கத் தொலைபேசியில் அதற்கு ஏறக்குறைய ஏகபோகம். அரசு தொடுத்த வழக்கொன்று 1956இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது: தொலைபேசியை வைத்துக்கொள், வேறு தொழிலில் கால் வைக்காதே. எனவே யூனிக்ஸை ஒரு சரக்காகச் சந்தையில் விற்க அதற்கு வழியில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டால் சிறு கட்டணத்துக்கு நாடாவைக் கொடுத்தார்கள். அதோடு சரி. விளம்பரம் இல்லை, உதவி இல்லை, பிழை இருந்தால் திருத்தித் தரமாட்டார்கள், பணம் மட்டும் முன்கூட்டியே வரவேண்டும்.

பெண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது மாதிரி. நடுராத்திரியில் சிட்னியில் எந்திரம் நின்றுபோனால் நியூ ஜெர்சியில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. கையில் இருப்பது மூலநிரல் ஒன்றுதான். அதைப் படித்தே ஆகவேண்டும்.

இந்தக் கட்டாயத்தை லயன்ஸ் ஒரு பாடமாக்கினார். கணினி மாணவர்களுக்கு எழுதத்தான் கற்றுத்தருகிறார்கள், வாசிக்கக் கற்றுத்தருவதில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. வகுப்பில் மாணவன் எழுதுவது நாற்பது வரி, ஐம்பது வரி நிரல். எண்களை வரிசைப்படுத்துவான், சம்பளப் பட்டியல் போடுவான். ஆயிரக்கணக்கான வரிகள் ஒன்றோடொன்று உரசாமல் சேர்ந்து ஓடுவது எப்படியென்று அவன் பார்த்ததே இல்லை. சங்கப் பாட்டு ஒன்றையும் படிக்காமல் ஒருவன் யாப்பிலக்கணம் மட்டும் பயின்று கவிஞனாகிவிட முடியுமா? பெரிய நிறுவனங்களின் இயங்குதளங்களோ லட்சக்கணக்கான வரிகள், அவையும் வெளியாருக்குக் காட்டப்படாதவை. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல் பத்தாயிரம் வரிக்கும் குறைவு. ஆவணங்களோடு சேர்த்து மாணவன் தன் பையில் தூக்கிப் போகலாம். பெரும்பகுதியை எழுதியவர்கள் இரண்டே பேர், இருவரும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள். ஒரு பருவத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துவிடலாம்.

1976இல் வகுப்புக் குறிப்புகளாக ஆரம்பித்தது, 1977இல் இரண்டு புத்தகமாயிற்று.

இதன் அமைப்பைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றாது. மூலப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தி, பத்திக்கு ஐம்பது வரி. ஆகப் பக்கத்துக்கு நூறு. வரி எண்கள் நான்கு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் தாளின் எண். 2238ஆம் வரி என்றால் 22ஆம் தாளைத் திருப்பினால் போதும். உரைப் புத்தகம் இந்த எண்களைச் சொல்லிச் சொல்லி நகர்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, ஒரு கையை இதில், ஒரு கையை அதில் வைத்துப் படிக்கவேண்டும். திருக்குறளைப் பரிமேலழகரோடு படிப்பவருக்குக் கீழே வந்து மேலே போய் வந்து கண் பழகியிருக்கும். இதில் இடமும் வலமும்.

எந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஓடும் வரி எது என்பதில் தொடங்குகிறார். அங்கிருந்து முதல் செயல்முறை பிறப்பது, அது மற்றவற்றைப் பெறுவது, வன்பொருள் குறுக்கிடும்போது கெர்னல் என்ன செய்கிறது, வட்டில் கோப்புகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, கடைசியாக விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது வரை. நடுநடுவே, இதை ஏன் இப்படி எழுதினார்கள், வேறு விதமாக எழுதியிருக்கலாமே என்று நிறுத்திக் கேட்கிறார். பயிற்சி வினாக்களில் சில, மூலத்தைத் திருத்தி எழுதச் சொல்பவை. மூல ஆசிரியரிடம் மதிப்பு உண்டு, அச்சம் இல்லை. நல்ல உரையாசிரியரின் லட்சணம் அது.

2238ஆம் வரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த நூலின் கதையைச் சொல்ல முடியாது. யூனிக்ஸில் ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். உண்மையில் எந்திரத்துக்கு ஒரே ஒரு மூளைதான். அது ஒருவரின் நிரலைச் சற்று ஓட்டி, அப்படியே நிறுத்தி, இன்னொருவருடையதை எடுத்து ஓட்டும். நிறுத்திய இடம், கையில் இருந்த எண்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்தால்தான் மறுபடி அதே இடத்தில் தொடரமுடியும். இந்த மாற்றத்தைச் செய்யும் நிரல் துண்டுக்குள் ஒருவராக நுழைந்து இன்னொருவராக வெளியே வருகிறோம். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை. உள்ளே போன உயிர் எந்த உடம்பில் கண் விழிக்கிறது என்பதை வரி வரியாகத் தொடர்வது லேசான காரியம் இல்லை. அந்த இடத்தில் நிரலுக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். வாசிப்பவருக்கு இது புரியும் என்று தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில்.

படித்தவர்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். சட்டைகளில் அச்சிட்டு அணிந்தார்கள். ரிட்சி வெகுநாள் கழித்து விளக்கம் சொன்னார்: வாசகருக்கு விட்ட சவால் அல்ல அது, இந்தப் பகுதி தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்தத் தொனி. கூடவே ஓர் ஒப்புதல் வாக்குமூலமும். உண்மையில் தங்களுக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றார். யூனிக்ஸ் எழுதப்பட்ட சி மொழிக்கு பிடிபி-11இல் இருந்த மொழிபெயர்ப்பி எண்களைச் சேமிக்கும் விதத்தை நம்பி அந்த வித்தை ஓடிக்கொண்டிருந்தது. வேறு வகைக் கணினிக்கு யூனிக்ஸை மாற்றப் போனபோது குட்டு வெளிப்பட்டது. ஏழாம் பதிப்பில் அந்த முறையையே மாற்றிவிட்டார்கள். மூலநூலில் ஓரிடம் பொருந்தவில்லை என்று பதிப்பாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆசிரியரே உயிரோடிருந்து, எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லும் பாக்கியம் நம் பதிப்பாசிரியர்களுக்குக் கிடைத்ததில்லை.

முதலில் பெல் ஆய்வகத்தில் நூலுக்கு நல்ல வரவேற்பு. தங்கள் நிரலைத் தங்களைவிடத் தெளிவாக விளக்கும் ஒருவர் உலகத்தின் கோடியில் இருக்கிறார் என்பது அவர்களுக்கு வியப்பு. 1978இல் லயன்ஸ் அங்கே போய்ச் சில காலம் வேலை பார்த்தார். பிறகும் இரண்டு முறை போனார். நூலின் அட்டைக்குள் ஒரு நிபந்தனை இருந்தது: யூனிக்ஸ் உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டுமே படிக்கலாம்.

1979இல் ஏழாம் பதிப்பு வந்தது. உரிமப் பத்திரத்தின் வாசகம் மாறியது. மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தானாகக் கிடைத்துவந்த அனுமதி போயிற்று. யூனிக்ஸுக்குச் சந்தை இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. 1984இல் ஏடி அண்ட் டி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டபோது பழைய தடையும் நீங்கி, விற்பனை முழு வேகம் எடுத்தது. அவர்கள் மூலநிரலைத் தொழில் ரகசியம் என்ற கணக்கில் வைத்திருந்தார்கள். தொழில் ரகசியத்தின் சட்ட நிலைமை விசித்திரமானது. காப்புரிமையைப் போல அதற்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. ரகசியமாக இருக்கும்வரை அது சொத்து. வெளியே தெரிந்துவிட்டால் சொத்து கரைந்துவிடும். ரகசியத்தை வரி எண் போட்டு அச்சிட்டு, பக்கத்தில் ஓர் உரையையும் வைத்துக் கடையில் விற்க எந்த வழக்கறிஞர் சம்மதிப்பார்? ஒரே நிறுவனத்தின் ஒரு கட்டடத்தில் லயன்ஸ் விருந்தாளி, இன்னொரு கட்டடத்தில் அவர் புத்தகம் கைதி.

புத்தகம் வெளியே கிடைக்காமல் போனது. ஜெராக்ஸ் அறைகளின் பொற்காலம் அப்போது தொடங்கியது.

பொறியியல் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையும் ஸ்பைரல் பைண்டிங்கும் இல்லாமல் படித்து முடித்த தலைமுறை நம்மூரில் கிடையாது. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். நாங்கள் எடுத்தது விலை கொடுத்து வாங்க முடியாத புத்தகங்களை. லயன்ஸ் நூலை எடுத்தவர்களுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை, விற்க ஆளில்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு வேலை மாறிப் போகிறவர் பெட்டியில் ஒரு கட்டு போகும். புதிதாகச் சேர்ந்தவரைக் கொஞ்ச நாள் நோட்டம் பார்த்து, ஆள் தேறுவார் என்றால் மூத்தவர் இழுப்பறையைத் திறப்பார். வகுப்பில் நடத்த முடியாததால் மாலையில் கூடிப் படித்தார்கள். உன்னிடம் இருப்பது எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுக்கொள்வது யூனிக்ஸ்காரர்களுக்குள் ஒரு குசலம் விசாரிப்பாகவே ஆகிவிட்டது. எண் குறையக் குறைய கௌரவம்.

அன்றைய ஜெராக்ஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தின்னும். எழுத்தின் ஓரம் மங்கும், ஓரத்துத் தூசி புள்ளியாகும், புள்ளி காணாமல் போகும். கதைப் புத்தகத்தில் ஒரு புள்ளி போனால் வாசகன் நிரப்பிக்கொள்வான். சி மொழியில் புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, கோடு ஒவ்வொன்றும் கட்டளை. அந்தக் காலத்து சி மொழியில் ஒரு மாறியோடு எண்ணைக் கூட்டிவைக்கச் சமக்குறியை முதலில் போட்டுக் கூட்டல் குறியைப் பின்னால் போடுவார்கள், இன்றைக்குத் தலைகீழ். கூட்டல் குறி மங்கினால் கூட்டுவது வெறும் ஏற்றிவைப்பதாகிவிடும். பிழை இருப்பதே தெரியாது.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை பழையது. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், குறில் நெடில் கொம்பில் வேறுபாடு கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். உ.வே.சா. போன்றவர்கள் பொருளைக் கொண்டு எழுத்தைப் பிடித்தார்கள். பொருளுக்குக் கைகொடுத்தது உரை. ஜெராக்ஸ் மங்கிய இடத்தில் யூனிக்ஸ் வாசகனும் அதைத்தான் செய்திருக்கவேண்டும்: இந்த வரி இங்கே என்ன வேலை செய்கிறது என்று லயன்ஸ் சொல்கிறாரே, அப்படியானால் இந்த அழிந்த குறி இதுவாகத்தான் இருக்கும். உரை மூலத்தை விளக்குவதோடு நில்லாமல் காப்பாற்றவும் செய்யும். தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்காமல் போனபின்னும் அதன் பாடல்கள் சில நம் கைக்கு வந்தது தொகுத்தவர்களாலும் மேற்கோள் காட்டிய உரைகாரர்களாலும்தான்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆண்ட்ரூ டனன்பாம் வேறு வழி பிடித்தார். வகுப்பில் உண்மையான நிரலைக் காட்ட முடியாமல் வெறும் கோட்பாட்டை ஓதுவது அவருக்குக் கசந்தது. ஏடி அண்ட் டியின் ஒரு வரியையும் தொடாமல், யூனிக்ஸ் போலவே நடந்துகொள்ளும் ஒரு சிறு இயங்குதளத்தைத் தானே எழுதினார். பெயர் மினிக்ஸ். 1987இல் வந்த அவர் பாடநூலின் பின்பாதியில் அதன் மூலநிரல் அச்சாகியிருந்தது. ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அந்தப் பாடநூலைப் படித்தார். 1991இன் தொடக்கத்தில் ஒரு கணினி வாங்கி அதில் மினிக்ஸ் போட்டார். அந்த ஆகஸ்டில், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் பயனர்களுக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு தொலைபேசி வைத்திருப்பவர் சட்டைப்பையில் ஓடுவது அதன் இன்றைய வடிவம்தான்.

லயன்ஸ் நூல் இல்லாவிட்டால் லினக்ஸ் இல்லை என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகையாகப் படுகிறது. மினிக்ஸைப் பெற்றது புத்தகம் அல்ல, தடை. பூட்டாமல் விட்டிருந்தால் டனன்பாம் சிவப்பையும் ஆரஞ்சையும் வைத்துப் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இதற்கிடையே யூனிக்ஸின் உடைமை கைமாறிக்கொண்டே இருந்தது. 1993இல் ஏடி அண்ட் டியிடமிருந்து நோவெல் வாங்கியது, 1995இல் நோவெலிடமிருந்து சான்டா குரூஸ் ஆபரேஷன் என்ற கலிபோர்னிய நிறுவனம் வாங்கியது. ஒவ்வொரு உடைமையாளர் வாசலிலும் போய்க் கேட்டவர்கள் சிலர்: யூனிக்ஸ் வரலாற்றை எழுதிய பீட்டர் சாலஸ், ஆஸ்திரேலியர் பெர்னி குட்ஹார்ட், கூடவே ரிட்சியும். தன் நிரலை அச்சிட விடுங்கள் என்று அதை எழுதியவரே கெஞ்சவேண்டியிருந்தது. கடைசியில் 1996இல் சான்டா குரூஸ்காரர்கள் சரி என்றார்கள். அந்த நிரலுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. அது ஓடிய கணினிகள் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்கோ காயலான் கடைக்கோ போய்விட்டன.

மூலமும் உரையும் ஒரே புத்தகமாக, கடையில் காசு கொடுத்து வாங்கும்படி அச்சானது அப்போதுதான். ரிட்சியும் தாம்சனும் அதற்கு எழுதிக் கொடுத்தார்கள். உண்மையான ஓர் இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இருபது ஆண்டுக்குப் பின்னும் இதைவிட நல்ல விளக்கம் வரவில்லை என்பது தாம்சனின் தீர்ப்பு. ரெய்ன்ட்ஜஸ் தன் ஜெராக்ஸ் இரவைப் பற்றி எழுதியதும் இந்தப் பதிப்பில்தான். முன்னால் சட்டவிரோதமாக ஒன்று வைத்திருந்தவர்கள் பலர் சட்டப்படி இன்னொன்று வாங்கினார்கள். பழசைத் தூக்கி எறிந்ததாக யாரும் சொல்லவில்லை.

லயன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றிருந்தார். 1998 டிசம்பர் 5இல் இறந்தார். அதே ஆண்டு, யூனிக்ஸ்காரர்கள் மாநாட்டில் அவர் பெயரில் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தப் பணம் திரட்டினார்கள். அதற்காக, யூனிக்ஸ் என்றே பதிவு பெற்ற ஒரு கலிபோர்னியக் கார் எண்பலகை ஏலத்துக்கு வந்தது. பழைய பெல் ஆய்வகத்தாரான ஜான் மாஷி அதை ஏலத்தில் எடுத்தார்.

இங்கே முடிந்திருக்கவேண்டிய கதைக்கு 2003இல் ஒரு வால் முளைத்தது. யூனிக்ஸ் வணிகம் மறுபடி கைமாறி எஸ்சிஓ குரூப் என்ற நிறுவனத்திடம் இருந்தது. லினக்ஸுக்குள் தங்கள் யூனிக்ஸ் நிரல் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டது என்று அவர்கள் ஐபிஎம் மீது வழக்குப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஒரு கூட்டம். சாட்சியம் என்று திரையில் சில நிரல் வரிகளைக் காட்டினார்கள். ரகசியம் வெளியாகக் கூடாதே, அதனால் ஒரு பகுதியை கிரேக்க எழுத்துருவில் மாற்றி வைத்திருந்தார்கள். எழுத்துருதான் கிரேக்கம், உள்ளே இருந்தது ஆங்கிலம். யாரோ படம் எடுத்தார்கள், படம் இணையத்தில் ஏறியது, எழுத்துக்கு எழுத்து மாற்றிப் படித்துவிட்டார்கள். பார்த்தால், நினைவகத்தில் காலி இடம் தேடி ஒதுக்கித்தரும் சின்ன நிரல். முதலில் பொருந்துகிற இடத்தை எடுத்துக்கொள்வதுதான் முறை என்று சொல்லும் அதன் முகப்புக் குறிப்பு, லயன்ஸ் உரை எழுதிய ஆறாம் பதிப்பில் அப்படியே இருக்கிறது. பழைய கட்டுகளை வைத்திருந்தவர்களுக்கு அது சின்ன வயதில் மனப்பாடம் செய்த செய்யுள். போதாக்குறைக்கு, பழைய யூனிக்ஸ் பதிப்புகளை யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று 2002 ஜனவரியிலேயே அனுமதி கொடுத்துவிட்டிருந்தது கால்டெரா நிறுவனம். அந்தக் கால்டெராதான் பிறகு பெயரை மாற்றிக்கொண்டு எஸ்சிஓ குரூப் ஆனது. கிரேக்கத்தில் எழுதி மறைத்த ரகசியத்தை ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் அவர்களே திறந்து வைத்திருந்தார்கள்.

சிட்னியில் லயன்ஸ் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியில் அமர்ந்தவர் கெர்னாட் ஹைசர். அவருடைய குழுவினர் செல்4 என்ற கெர்னலை உருவாக்கினார்கள். சுமார் 8,700 வரி சி நிரல். லயன்ஸ் கையாண்ட அளவுக்குப் பக்கம். 2009இல் அந்த நிரல், தான் செய்யவேண்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்று கணித முறையில் நிறுவிக் காட்டினார்கள். நிறுவல் மட்டும் இரண்டு லட்சம் வரிக்கு மேல் நீண்டது. அறுபதே நூற்பா கொண்ட இறையனார் களவியலுக்கு அவ்வளவு பெரிய உரை இருக்கிறதே என்று நான் வியந்ததுண்டு. செல்4ஐப் பார்த்தபின் அந்த வியப்பு கொஞ்சம் தணிந்தது.

எம்ஐடியில் இயங்குதளப் பாடம் நடத்தியவர்கள் முதலில் லயன்ஸ் நூலையே எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் முணுமுணுத்திருப்பார்கள்: செத்துப்போன கணினி, வழக்கொழிந்த சி. 2006இல் ஆறாம் பதிப்பையே இன்றைய சி மொழியில், இன்றைய கணினிக்கு ஏற்றபடி புதிதாக எழுதினார்கள். எக்ஸ்வி6 என்று பெயர். எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் மாரிஸ். 1988இல் இணையத்தையே திணற வைத்த அந்தப் புழு நிரலை எழுதி வழக்கில் சிக்கிய அதே மாரிஸ், இப்போது பேராசிரியர். எக்ஸ்வி6க்கும் தொடக்கத்தில் மூலம் ஒரு புத்தகம், உரை ஒரு புத்தகம். அதே இரண்டு பத்தி, அதே ஐம்பது வரி, தாள் எண்ணில் தொடங்கும் நான்கிலக்க வரி எண். சென்னை ஐஐடியிலிருந்து என்பிடெல் இணையவழித் திட்டம் மூலமாக வந்த இயங்குதளப் பாடத்திலும் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது எக்ஸ்வி6தான்.

கூடுவிட்டுக் கூடு பாயும் இடம் அதிலும் உண்டு. ஆறாம் பதிப்பில் வைத்த பெயரே இன்னும்: ஸ்விட்ச் என்ற ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்தை உருவிவிட்ட பெயர், ஏனென்றால் முழுச் சொல்லை சி மொழி தன் தேவைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. எம்ஐடி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: இதைப் பார்த்து, ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குத் தாவும் வரிகளை அவர்களே எழுதிக் கொண்டுவரவேண்டும். மதிப்பெண் உண்டு.